பஞ்சாயத்துத் தலைவர் வேலை எம்.பி. வேலையைவிடச் சின்னதா?

வார்டு மெம்பர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், எம்.எல்.ஏ., கடைசியில் எம்.பி. என்று ஏணிப்படி மாதிரி ஒரு கணக்கை நாம் எல்லாரும் மனதில் வைத்திருக்கிறோம். இந்தக் கணக்கே தப்பு. இரண்டும் வேறு வேறு வேலை, அதிலும் ஆளை அதிகம் சோதிப்பது ஊர் வேலைதான் என்பேன்.

எங்கள் பக்கத்து ஊராட்சியில் தலைவராக இருந்த ஒரு அக்காவைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் போர்வெல் மோட்டார் காயில் கருகிவிட்டது. விடிவதற்குள் வாசலில் காலிக் குடங்களோடு கூட்டம். மெக்கானிக்கைப் பிடிக்க வேண்டும், அதுவரை டிராக்டரில் தண்ணீர் அனுப்ப வேண்டும், முதல் நடை எந்தத் தெருவுக்கு என்பதையும் அவரேதான் சொல்ல வேண்டும். காலனிக்கு அனுப்பச் சொன்னார், அங்கேதான் வேறு கிணறு கிடையாது. அன்றைக்கே சொந்தப் பங்காளி வீட்டில் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் மோட்டார் பில்லுக்குக் காசோலை போட துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும், அவரோ தேர்தலில் எதிரணிக்கு வேலை பார்த்தவர்!

எம்.பி. வேலை சுலபம் என்று சொல்ல வரவில்லை. ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 15 லட்சம் வாக்காளர்கள், அத்தனை பேரின் முகத்தையும் யாராலும் பார்க்க முடியாது. தான் போயே இராத ஒரு மாநிலத்து மக்களைப் பாதிக்கும் மசோதாவை வரிவரியாகப் படிக்க வேண்டும், நாடாளுமன்ற நிலைக்குழுவில் அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் அளவுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் 1985 கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். கண்ணில் படாத மனிதர்களுக்காக யோசிக்கிற பொறுமை அதற்கு வேண்டும். ஆனால் அவர் எடுத்த முடிவுக்காக யாரும் மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னமும் இல்லை, ஒளிந்துகொள்ள டெல்லியும் இல்லை.

ராஜாஜி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவராக இருந்தவர்கள். 1927இல் குஜராத்தைப் பெருவெள்ளம் புரட்டியபோது பட்டேல் அகமதாபாத் நகராட்சித் தலைவர், நிவாரண வேலையை முன்நின்று நடத்தியவர். அவர்கள் யாரும் குடிநீரையும் சாக்கடையையும் சின்ன வேலை என்று நினைக்கவில்லை.

உயிரையே கேட்ட பதவி அது என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலவளவில் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியாக அறிவித்த ஊராட்சியில் ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அதே மாதிரி தனித் தொகுதியான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலையே ஒழுங்காக நடத்த விடவில்லை. இன்றைக்கும் தலைவர் நாற்காலியில் உட்காரவும் கொடியேற்றவும் போராட வேண்டியிருக்கிற தலித் தலைவர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் ஊராட்சித் தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய், எம்.பி.யின் மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய், படிகள் தனி.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது இன்னொரு விஷயத்தில். 5 வருஷம் முடிவதற்குள் ஊராட்சித் தேர்தலை நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. நடந்தது என்ன? 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல், ஜெயித்த தலைவர்களுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்கள், 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள். முப்பது நாற்பது ஊராட்சிக்கு ஒரே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) கையெழுத்துப் போட்டால் மோட்டார் கருகிய அன்று ஜனம் யார் வாசலுக்குப் போகும்? இதே போல நாடாளுமன்றத் தேர்தலைத் தள்ளிப்போட்டால் சும்மா இருப்போமா? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும் சரி, முதலில் இதைக் கேளுங்கள்.