பதிவு செய்யாத பெயரில் விற்பது குற்றமா?

வர்த்தகச் சின்னமாக (டிரேட்மார்க்) பதிவு செய்யாத பெயரில் இணையத்தில் பொருள் விற்றால் வழக்கும் அபராதமும் வரும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 1999ஆம் ஆண்டின் வர்த்தகச் சின்னச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை.

அவர் எழுதியதைப் படித்துவிட்டு, மன்னார்குடிப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா அவல் விற்கும் என் சித்தி, ஒட்டி முடித்த இருநூறு பைகளிலிருந்து லேபிளைக் கிழிக்கத் தொடங்கிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

பதிவில்லாவிட்டால் வர்த்தகச் சின்ன மீறல் என்று வழக்குத் தொடுக்க முடியாது. 27ஆம் பிரிவு சொல்வது இதுதான். ஆனால் உங்கள் பெயரில் வேறொருவர் தன் சரக்கை விற்று வாங்குபவரை ஏமாற்றினால் வழக்குப் போடும் உரிமையை அதே பிரிவு காப்பாற்றுகிறது. அதற்கு நீங்கள் முன்பே விற்றுவந்ததற்குச் சான்று வேண்டும். முதல் பில்லைத் தூக்கி எறியாதீர்கள்.

தண்டனை இருந்தது வேறொன்றுக்கு. பதிவாகாத பெயரின் ஓரத்தில், பதிவானது என்று காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் போட்டால் 107ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம் என்றிருந்தது; 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்தச் சிறைத் தண்டனையை நீக்கியது. ஆனாலும் பதிவாகாத பெயருக்கு அதைப் போடாதீர்கள். 'டிஎம்' (டிரேட்மார்க் என்பதன் சுருக்கம்) என்று போடத் தடையில்லை.

சட்டத்தின் முழு வாசகம் மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் நினைத்த பெயரை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்பதை அறிவுசார் சொத்துரிமை அலுவலகத் தளத்தின் பொதுத் தேடலில் பார்க்கலாம். அங்கே பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; அரிசி, மாவு வகைகளுக்கு 30ஆம் வகுப்பில் தேடுங்கள்.