சைக்கிள் மிதிக்கவும் பெட்ரோலா?

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குச் சைக்கிளிலேயே போகலாமே என்பவர்கள் திருச்சி நெடுஞ்சாலையில் ஒருமுறை மிதித்துப் பார்க்கட்டும். லாரி கடந்து போகும் காற்றிலேயே கைப்பிடி ஆட்டம் காணும். அதனால்தான் சைக்கிளை, முன்சக்கரத்தைக் கழற்றிக் கார் கூரையில் கட்டிக்கொண்டு போகிறேன். கூரைச் சுமை காற்றைத் தடுப்பதால் கார் இன்னும் அதிகமாகக் குடிக்கிறது. பெட்ரோலோ லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. 2020-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோதும் கலால் வரியை உயர்த்தி, அந்தப் பலன் நம் கைக்கு வராமல் செய்துவிட்டார்கள். வயிறு எரிகிறது! கானாடுகாத்தானில் இறங்கி ஆத்தங்குடிப் பக்கம் விடியற்காலையில் மிதிக்கும் சுகத்துக்கு இவ்வளவு தண்டச் செலவா? நெடுஞ்சாலை ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு தடம் போட்டுக் கொடுத்தால், நான் ஏன் பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கப் போகிறேன்?