இடிக்கச் சொல்லாத ஆளே இல்லை

போன வாரம் ஒரு தங்கை இன்பாக்ஸில் கேட்டிருந்தாள். "அக்கா, கும்பகோணத்துல ஒரு பழைய வீடு விலைக்கு வருது. பிடிச்சிருக்கு. ஆனா எல்லாத்தையும் மாத்தணும்போல இருக்கு. வாங்கலாமா, வேண்டாமா?" நான்கு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். முடியவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் வாங்கியதும் அப்படி ஒரு வீடுதான். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே ஒரு பழைய தெரு. இரண்டு பக்கமும் அடுத்த வீடுகளோடு சுவர் ஒட்டிய வீடு. திண்ணை, ரேழி, கூடம், ஒரு சின்ன முற்றம், அடுக்களை, கொல்லை. மேலே மரக்கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ் தளம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் அதுதான் முதல் சொத்து. விலை 42 லட்சம். தரகர் வெளிப்படையாகவே சொன்னார்: "இது மனைக்கான விலைதாம்மா. கட்டடத்துக்கு ஒண்ணுமே போடலை." கட்டடம் இனாம் என்று மனசுக்குள் குதித்தேன்.

அந்த இனாமுக்குத்தான் அடுத்த இரண்டு வருடச் சம்பளம் போனது.

முதலில் கைக்காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் இதை முன்னாடியே சொல்வதில்லை. வங்கியிலிருந்து வந்த இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் 42 லட்சத்தை 38 லட்சம் என்று எழுதினார். அதில் 80 சதவீதம் கடன், அதாவது 30 லட்சத்து 40 ஆயிரம். மீதி 11 லட்சத்து 60 ஆயிரம் எங்கள் கையிலிருந்து. அதற்கு மேல் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது கிட்டத்தட்ட 3 லட்சத்து 80 ஆயிரம், அதையும் வங்கி தராது. ஆக, ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல் பதினைந்து லட்சத்துக்கு மேல் காலி. நகை அடகுக்குப் போனது. சாவி கைக்கு வந்த அன்று எங்களிடம் இருந்தது ஒரு சாவியும் ஒரு துடைப்பமும்தான்.

பத்திரக் கதை தனி. கணினியில் 1975-க்குப் பிந்தைய வில்லங்கச் சான்றுதான் கிடைத்தது. அதற்கு முந்தையதைப் பதிவு அலுவலகத்தில் தனியாக மனுப் போட்டு வாங்கினோம். மூலப்பத்திரத்தில் "கதவு, நிலை, ஜன்னல், தூலக்கட்டு சகிதம்" என்று எழுதியிருந்ததைப் படித்தபோது ஏனோ அழுகை வந்தது. விற்கும்போது நிலைக்கதவைக்கூடப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இப்போது தரகர் அதே கட்டடத்துக்குப் பூஜ்யம் போடுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டை வாங்கியதிலிருந்து எங்களுக்கு அறிவுரை சொன்ன அத்தனை பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள். இடிச்சிடுங்க. மாமனார் சொன்னார், ஒன்றுவிட்ட அண்ணன் சொன்னார், பால் ஊற்றுகிறவர் சொன்னார். அவர்களைக்கூட விட்டுவிடலாம், அவர்கள் எங்கள் நல்லதுக்குச் சொன்னார்கள். கடனும் வரியும்கூட அதையேதான் சொல்கின்றன என்பதுதான் எனக்கு ஆத்திரம். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், நாம் குடியிருக்க வீடு வாங்கவோ கட்டவோ எடுத்த கடனின் வட்டிக்கு வருடத்துக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. அதே வீட்டைப் பழுதுபார்க்க எடுத்த கடனென்றால் வெறும் 30,000, அதுவும் அந்த 2 லட்சத்துக்கு உள்ளேயே. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் உனக்கு மரியாதை, இருப்பதைக் காப்பாற்றினால் சில்லறை. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்புறம் கொத்தனார்கள். முதலில் வந்த மேஸ்திரி நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து சிமெண்ட். பின்கட்டு அறையில் சுவர் ஓதம் காத்து உப்புப் பூத்திருந்தது. "பழைய பூச்சை முழுக்கக் கொத்திட்டு சிமெண்ட் பூசி, மேல வாட்டர் புரூஃப் பெயிண்ட் அடிச்சுட்டா இருபது வருஷத்துக்குக் கவலையில்லம்மா" என்றார். தலையாட்டினேன். ஐப்பசி மழை வந்தது. கார்த்திகைக்குள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் அப்பளம் மாதிரி உடைந்தது.

காரணம் எளிது. நாங்கள்தான் தாமதமாகத் தெரிந்துகொண்டோம். அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது உறிஞ்சும், வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நின்று, உப்பைச் சேர்த்துக்கொண்டு, பூச்சைத் தள்ளிக்கொண்டு வருகிறது. எழுபது வருடம் பிழைத்த சுவரை நாங்கள் ஒரே மழையில் நோயாளி ஆக்கினோம். செலவு 68,000 ரூபாய்.

அதன் பிறகுதான் சுண்ணாம்பு தெரிந்த ஒரு பெரியவர் கிடைத்தார். வாழ்நாளில் பாதி கோயில் திருப்பணியில் கழித்தவர். சுண்ணாம்பை நீற்றி, சலித்து, ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து... இதற்கே எத்தனை நாள் ஆனது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆளுக்குச் சம்பளம் ஏறிக்கொண்டே இருந்தது, சுவர் அப்படியே நின்றது. வீட்டுக்காரர் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. பூசிய பிறகும் தினமும் தண்ணீர் தெளித்து மெதுவாகக் காயவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. நான் அவசரக்காரி, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

தளம்தான் பெரிய பாடம். மெட்ராஸ் டெரஸ் என்றால், சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் சின்னச் செங்கல்லை நெட்டாக நிறுத்திச் சாய்வரிசையாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள், ஒழுகுகிறது என்று அந்த ஓட்டின்மேல் இரண்டு அங்குலத்துக்கு சிமெண்ட் கான்கிரீட் போட்டிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, ஒரு டன்னுக்கும் மேல் கூடுதல் பாரம். அதைத் தாங்குவது மரக்கட்டை. ஒழுகல் நின்றதா என்றால் அதுவும் இல்லை. விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல், கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனையில் தங்கிவிட்டது. ஈரம் இருக்கும் இடத்துக்குக் கரையான் தானாக வந்துவிடும்.

இருபத்திரண்டு கட்டையில் ஐந்தின் முனை மாவாக இருந்தது. நடுப்பகுதி இரும்பு மாதிரி, ஆசாரி ஆணி அடித்தால் ஆணி வளைந்தது. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, அந்தப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு இரும்பு கர்டர் போட்டு, நல்ல மரத்தை அதன்மேல் உட்காரவைத்தார்கள். மேலே இருந்த கான்கிரீட்டைப் பெயர்த்து மூட்டை மூட்டையாக இறக்கினோம். தெருவே எங்களைத் திட்டியது. திட்டியவர்களுக்கு அப்புறம் வாழைப்பழமும் மன்னிப்பும் கொடுத்தோம்.

இடிப்பது பற்றி நாங்களும் யோசிக்காமல் இல்லை. ஒரு ராத்திரி கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டோம். காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "இடிக்கப் போறியாமே, நல்லது. எங்க கூடத்துக் கட்டை உன் சுவத்துல உக்காந்திருக்கு. அதுக்கு என்ன பண்ணப் போறே?" பொதுச்சுவர்! பத்திரத்தில் ஒரு வரியில் இருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. இடிக்கச் சொன்ன நூறு பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

வயரிங்கும் தண்ணீர்க் குழாயும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டையும் முழுக்க மாற்றியே ஆக வேண்டும். மரப்பட்டையில் ஆணி அடித்து ஓட்டிய வயர், எர்த்தே கிடையாது, குழாயெல்லாம் உள்ளே துருப்பிடித்து விரல் நுழையாத அளவுக்கு அடைத்த இரும்பு. இதில் மட்டும் பழமைப் பாசம் வேண்டாம். கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டித்துவிடும் ஆர்சிசிபி போடாமல் குடியேறாதீர்கள். ஆனால் இதெல்லாம் முடித்து, எட்டு லட்சம் செலவழித்த பிறகு வீடு பார்க்க வந்த உறவுக்காரர்கள் கேட்ட கேள்வி: "மாடுலர் கிச்சன் போடலையா?"

பழசெல்லாம் பொன் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தோழி ஒருத்தி சென்னையில் எண்பதுகளில் கட்டிய கான்கிரீட் அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்கினாள். அங்கே கதை வேறு. உள்ளே கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும், காரை பெயர்ந்து விழும். ஒரு இடத்தில் என்றால் ஒட்டுப்போடலாம். பீம், தூண் எல்லாவற்றிலும் அப்படியென்றால் எத்தனை முறை பூசினாலும் திரும்ப விழும். அங்கே இடிக்கச் சொல்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். மரமும் சுண்ணாம்பும் கெடும் விதம் வேறு, அதைத் துண்டு துண்டாக மாற்ற முடியும். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் பழசு என்றாலே புல்டோசரைக் கூப்பிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே தங்கச்சி, அந்த வீட்டை வெயில் காலத்தில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதே. மழை பெய்யும் நாளில் ஒருமுறை போ. டார்ச்சும் ஒரு ஸ்குரூடிரைவரும் கொண்டு போ. கட்டைகள் சுவருக்குள் போகும் முனையில் குத்திப் பார், உள்ளே இறங்கினால் அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொள். புதிதாக வெள்ளையடித்த சுவரைச் சந்தேகி. மாடியில் ஓட்டுக்கு மேல் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார். பொதுச்சுவரா என்று பத்திரத்தில் தேடு. கையில் இருக்கும் பணத்தில் வீட்டு விலைக்கு ஒதுக்கியது போக, பழுதுக்கு என்று நீ நினைக்கும் தொகையை எழுது, அதன் பக்கத்தில் அதே தொகையை இன்னொரு முறை எழுது. அதைக் கூட்டிப் பார்த்தும் வாங்க முடிந்தால் வாங்கு.

அந்தச் சுண்ணாம்புப் பெரியவரின் எண் கேட்டு இதற்குள் நாலு பேர் வருவீர்கள் என்று தெரியும். அவரிடம் போன் கிடையாது. இப்போது ஒரு கோயில் திருப்பணியில் இருக்கிறார், தை முடியும்வரை வரமாட்டார். எங்கள் வீட்டிலேயே பின்கட்டு அறை மட்டும் அவர் கைக்கு இன்னும் பாக்கி, அங்கே அந்தச் சிமெண்ட் பூச்சு அப்படியேதான் உரிந்துகொண்டிருக்கிறது. அவர் வந்தால் முதல் முறை எனக்கு.