சிவப்புப் பேனை வெட்டிய நாலு

போன கிழமை பேத்தியின் நேர்சரிக் கொப்பியில் 3 + 2 = 4 என்று எழுதியிருந்தது. அதன் மேல் சிவப்புப் பேனையால் ஒரு பெரிய வெட்டு. சரியான விடையை வீட்டில் இருபது தரம் எழுதி வரவேண்டுமாம். பிள்ளைக்கு நாலரை வயது. மருமகள் மேசையில் இருத்தி எழுதுவித்துக்கொண்டிருந்தா. பத்தாவது வரியோடு 5 எல்லாம் திசைமாறித் திரும்பி நிற்க, அழுகை தொடங்கிவிட்டது.

நான் முப்பத்தொரு வருடம் கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெருவில் கணக்கெழுதிச் சீவித்தவன். கூட்டுத்தொகை இடித்தால் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எங்கள் முதலாளி வீட்டுக்கு விடமாட்டார். அந்தப் பழக்கதோஷத்தில் கேட்டேன்: "செல்லம், இந்த நாலு எப்பிடி வந்தது?"

கண்ணைத் துடைத்துவிட்டு விளக்கினாள். "இதில மூண்டு இருக்குத்தானே அப்பப்பா. இன்னும் ரெண்டு எண்ணவேணும்." இரண்டு விரலை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டாள். "மூண்டு, நாலு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மிகைப்படுத்தவில்லை.

ஏனென்றால், போன மாதம் இதே கணக்கை இவள் சரியாகச் செய்தவள். புளியங்கொட்டை மூன்றை வைத்து, பக்கத்தில் இரண்டை வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு" என்று எண்ணினாள். இந்த மாதம் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. மூன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதைத் திரும்ப எண்ணத் தேவையில்லை என்று அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அந்த மூன்றில் நின்றுகொண்டு அடுத்த எண்ணைச் சொல்லவேண்டும் என்பது மட்டும்தான் பிடிபடவில்லை. போன மாதம் சரியாகச் செய்த பிள்ளை இந்த மாதம் பிழைவிட்டது ஒரு படி மேலே ஏறியதால். அந்தப் படிக்குத்தான் சிவப்புப் பேனை.

1977 இல் குரோன், ரெஸ்னிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த சிறு பரிசோதனை ஒன்று உண்டு. ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கட்டைகளை வைத்து முழுவதையும் எண்ணிக் கூட்டுகிற முறையை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு கிழமைக்கணக்கில் கணக்குகளைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகள், ஒருவரும் சொல்லாமலே, பெரிய எண்ணிலிருந்து தொடங்கி மற்றதை மேலே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். 2 + 5 என்றால் ஐந்தில் தொடங்கி "ஆறு, ஏழு". சின்னப் பிள்ளைக்கு இது கண்டுபிடிப்பு. இருபது தரம் எழுதுவித்திருந்தால் இது நடந்திருக்குமா?

சரி, பேத்தியின் பிழைக்கு வருவோம். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் மாடி. என் மகள் ஐந்தாம் மாடி. கொப்பியை மூடிவைத்துவிட்டு, "வாங்கோ, மாமி வீட்டை போவம்" என்று லிஃப்டுக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

"இப்ப எத்தினையாம் மாடியில நிக்கிறம்?"

"மூண்டு."

"ரெண்டு மாடி ஏறவேணும். எதை அமத்துறது?"

"மூண்டு, நாலு" என்று விரல்விட்டு, நாலை அமத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. (எவ்வளவு கஷ்டம் தெரியுமா, பெரியவர்களுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது!) கதவு திறந்தது. மாமி வீட்டு வாசலில் இருக்கிற துளசிச் சாடியைக் காணவில்லை. யாரோ ஒருவருடைய சைக்கிள் நின்றது. வெளியே எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கதவு மூடி லிஃப்ட் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூண்டில நாங்கள் நிண்டனாங்கள்தானே. அதை எண்ணினா ஏறின மாதிரி இல்லை" என்றாள். பிறகு ஐந்தை அமத்தினாள்.

அந்த ஒரு வசனத்தை இருபது வரியில் எங்கே எழுதுவது?

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். "மாமா, லிஃப்டுக்குள்ள சோதினை வைக்கமாட்டினம்" என்றா. அவவைக் குறை சொல்ல முடியாது. கொழும்பில் ஒரு பிள்ளையை நல்ல பாடசாலையில் முதலாம் வகுப்புக்குச் சேர்க்கிற பாடு, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைப் பயம், பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை சொல்கிறதாம் என்ற கவலை, எல்லாம் சேர்ந்துதான் அந்த இருபது வரி. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். நூறு வரை பாட்டு மாதிரிச் சொல்வான், கெட்டிக்காரன். "தம்பி, நாலு பிஸ்கட் எடுத்துத் தாங்கோ" என்றால் கைநிறைய அள்ளித் தருவான். எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. 1978 இல் கெல்மன், கலிஸ்ரல் என்ற ஆய்வாளர்கள் எண்ணுவதற்கு அடிப்படையான ஐந்து விதிகளைப் பிரித்துச் சொன்னபோது அதில் ஒன்று இது. இது விளங்காத பிள்ளைக்குக் கூட்டல் அடையாளத்தைக் காட்டி என்ன பயன்?

வேடிக்கை என்னவென்றால், எங்கள் நாட்டு ஆரம்பக் கல்விப் பாடத்திட்டமே முதலாம் இரண்டாம் வகுப்புகளுக்கு விளையாட்டையும் செயற்பாட்டையும்தான் முன்னுக்கு வைக்கிறது. மேசை வேலை அதற்குப் பிறகு. ஆறு வயதுப் பிள்ளைக்கே அப்படியென்றால் நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன அவசரம்?

விரல்விட்டு எண்ணக்கூடாது என்று தடுப்பதும் எனக்குப் பிடிக்காத விடயம். புறக்கோட்டையில் பெரிய பெரிய வியாபாரிகள் விரற்கணுவில் பெருவிரலை ஓட்டி எண்ணுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். விரலுக்கு மூன்று கணு, நாலு விரலுக்குப் பன்னிரண்டு, ஒரு டசின் ஒற்றைக் கையில் முடிந்துவிடும். யாரும் அவர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொன்னதில்லை.

இன்னொன்று. இவள் போவது ஆங்கில நேர்சரி. அங்கே "இலெவன், ட்வெல்வ்" என்று படிக்கிறாள். அந்தச் சொற்களுக்குள் பத்து எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரியாது. தமிழில் பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், பதினைந்து என்றால் பத்தும் ஐந்தும். சொல்லிலேயே கூட்டல் இருக்கிறது. பத்துப் புளியங்கொட்டையை ஒரு கிண்ணத்தில் போட்டு, வெளியே ஐந்தை வைத்து, "பத்து, ஐந்து, பதினைந்து" என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன். பதினாறை அவளே சொன்னாள். (தொண்ணூறு பக்கம் இன்னும் போகவில்லை. அங்கே எங்கள் மொழியும் கொஞ்சம் குழப்படிதான்.) கீழே நிற்கிற வோச்சர் மாமாவோடு படியேறினால் "எக்க, தெக்க, துன" என்று சிங்களத்திலும் எண்ணுகிறாள். மூன்று மொழியில் எண்ணினாலும் படி அதே படிதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்குக் கோப்பை வைப்பது இப்போது அவளுடைய வேலை. மூன்று கோப்பை மேசையில் இருந்தால், "மாமியும் மாமாவும் வருகினம், இன்னும் எத்தினை வேணும்?" என்று மட்டும் கேட்பேன். முந்தாநாள் கடைசியாக ஏழு இடியப்பம் மிஞ்சியது. நாங்கள் மூன்று பேர். "எல்லாருக்கும் சமனாய்ப் பிரியுங்கோ" என்றேன். ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு இன்னொன்று, பிறகு ஒன்று கையில். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் அதைப் பிய்க்கச் சொல்வேன் என்று நினைத்தீர்களா? வாயே திறக்கவில்லை. "இது விடியக் காகத்துக்கு" என்று மூடிவைத்துவிட்டாள்.

கொப்பியில் மிச்சம் பத்து வரி இன்னும் எழுதவில்லை. அடுத்த கிழமை ரீச்சரைச் சந்தித்து லிஃப்ட் கதையைச் சொல்வதாக மருமகள் ஒப்புக்கொண்டிருக்கிறா. ரீச்சரும் பாவம், ஒரு வகுப்பில் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் எப்படி வந்தது என்று கேட்க நேரம் ஏது?

எனக்கு இப்போது வேறொரு பிரச்சினை. நேற்று லிஃப்டில் கீழே போகும்போது "மூண்டு, ரெண்டு, ஒண்டு" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், நிலமாடிக்கு என்ன நம்பர் என்று கேட்டாள். பூச்சியம் என்றேன். சந்தோசம். லிஃப்ட் இன்னும் கீழே, கார் நிறுத்துகிற இடத்துக்கு இறங்கியது. "அப்ப இதுக்கு என்ன நம்பர் அப்பப்பா?"

மகன் வேலையால் வரட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.