கதவும் தூணும் போதும்

செட்டிநாட்டில் இனி யாரும் கதவைப் படம் எடுக்கக் கூடாது என்று ஊராட்சியில் தீர்மானம் போட்டால், முதல் கையெழுத்து என்னுடையதாகத்தான் இருக்கும். கதவு, தூண், ஜன்னல் வரிசை, வளவில் (தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில்) விழும் வெயில், ஆத்தங்குடித் தரையில் நீளும் நிழல். இந்த ஐந்தும் இல்லாத ஒரு செட்டிநாட்டு ஆல்பத்தை யாராவது காட்டுங்கள், காரைக்குடியில் மெஸ் சாப்பாடு என் செலவு.

நான் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரன். கல்யாணம், ஹோட்டல், எப்போதாவது பத்திரிகை என்று பிழைப்பு ஓடுகிறது. இடையில் பயணப் புகைப்படமும் படக்கட்டுரையும் (படங்களை வரிசையாக வைத்துக் கதை சொல்வது) சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் ரயிலேறி சனிக்கிழமை காலையில் காரைக்குடியில் இறங்குகிறவர்கள்தான் என் வகுப்புக்கு அதிகம் வருவார்கள். நல்ல பிள்ளைகள். என் லென்ஸைவிட விலை கூடின லென்ஸ் வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய வீடுகள் இருக்கும் கானாடுகாத்தானில் இறக்கிவிட்டால் சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் படம். அதில் ஆளே இருக்காது.

போன பேட்ச்சில் ஒருவர், ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது வளவுக்கு அடுத்த பகுதியில், நின்று வெகுநேரம் ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் ஒரு வேட்டியை விரித்து வடகம் பிழிந்து காயவைத்திருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காக்கா விரட்டிக்கொண்டிருந்தார். “அக்கா, அந்தத் துணியைக் கொஞ்சம் நகர்த்துறீங்களா, ஃப்ரேம்ல விழுது” என்றார் நம் ஆள். அந்த அம்மாவும் பேசாமல் நான்கு முனையையும் பிடித்து இழுத்தார். “வெயில் தாழுறதுக்குள்ள எடுத்துருங்க தம்பி, வடகம் காயணும்.” ராத்திரி படங்களைப் போட்டுப் பார்க்கும்போது அந்தத் தொகுப்புக்கு அவர் வைத்திருந்த தலைப்பு: கைவிடப்பட்ட மாளிகைகள்.

யார் கைவிட்டது? வடகம் காயும் வீட்டை?

இந்த வீடுகள் எதற்குக் கட்டப்பட்டன என்று தெரியாமல் எடுப்பதால்தான் இப்படி ஆகிறது. முகப்பில் வந்தவர்களை உட்காரவைத்து, வளவில் சடங்கை நடத்தி, அடுத்த கட்டில் பந்தி போட்டு, அதற்கும் பின்னால் அடுப்பு மூட்டி, ஊரையே கூட்டிவைத்துக் கல்யாணம் செய்வதற்கான வீடு இது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. இன்று பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம், எண்பதாம் வயது விழா), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால் வீடு திறக்கும். திருப்பூட்டுகிற, அதாவது தாலி கட்டுகிற, அன்றைக்கு அதே வளவில் கால் வைக்க இடம் இருக்காது. கழுத்துரு என்ற பெரிய தங்கத் தாலி கைமாறும், ஒரு பக்கம் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதுவார்கள், சீர்ச் சாமான் பரப்பின இடத்தில் ஆச்சிமார் நின்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். மற்ற நாளெல்லாம் சாவி ஒருவரிடம் இருக்கும். தினமும் கூட்டித் துடைத்து, மழைக்கு எந்த ஓடு ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்க்கிறவர் அவர். அவரைப் படம் எடுத்தவர்கள் ரொம்பக் குறைவு. வாசலில் அவர் கையில் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நேரே தூணுக்குப் போய்விடுகிறோம்.

இந்தப் பக்கத்தில் கேமரா வந்து ரொம்ப காலம் ஆகிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தபோது, 1858-இல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை எல்லாம் எடுத்தார். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருமயம் கோட்டையையும் எடுத்திருக்கிறார். அவர் படங்களில் பெரும்பாலும் கல்தான், கட்டடம்தான். அவருக்குக் காரணம் இருந்தது. மெழுகு பூசின தாளில் நெகட்டிவ், எக்ஸ்போஷர் (ஒளி பதியும் நேரம்) அவ்வளவு நீளம், நடமாடுகிற ஆள் பதியவே மாட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் படம் எடுக்கிற நமக்கு என்ன காரணம்?

கட்டடத்தை எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. இன்னொரு பக்கம் வீடுகளை இடித்துத் தூணும் கதவு நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஆவணமாக எடுக்கிறீர்களா, சரி, ஒழுங்காக எடுங்கள். ஒழுகுகிற அறை, கரி பிடித்த அடுப்படி, பின்கட்டுக் கிணறு எல்லாவற்றையும் எடுங்கள். முகப்போடு நின்றால் அது காலண்டர்.

தரை ஓடு செய்யும் ஆத்தங்குடியிலும் இதே கதைதான். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். சிந்தாமல் அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடி பார்க்க அழகுதான். எல்லோரும் அதை எடுத்துவிட்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். அப்புறம்தான் வேலையே. காய்ந்த சிமெண்டும் மணலும் தூவ வேண்டும், மேலே ஈரக் கலவை போட்டு மட்டம் தட்ட வேண்டும், தொட்டித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், வெயிலில் உலர்த்த வேண்டும். சூளையே கிடையாது. கண்ணாடியை விட்டு ஓடு கழன்று வரும்போதுதான் அந்தப் பளபளப்பு தெரியும். இதற்கெல்லாம் நாள் கணக்காகும். தொட்டிக்குள் கைவிட்டு எடுப்பவரின் சிமெண்ட் அரித்த விரல்கள் யார் ஆல்பத்திலாவது இருக்கின்றனவா?

அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் லைஃப் இதழுக்காக ஒரு கிராமத்து டாக்டரைத் தொடர்ந்து எடுத்த படக்கட்டுரை 1948-இல் வந்தது. அதில் எல்லோருக்கும் நினைவிருக்கும் படம், பிரசவத்தில் தாயும் குழந்தையும் இறந்தபின் டாக்டர் சமையலறையில் காபிக் கோப்பையோடு சாய்ந்து நிற்பது. ஆபரேஷன் முடிந்ததும் கேமராவைப் பையில் போட்டிருந்தால் அந்தப் படம் ஏது? வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதில் பாதி இதுதான்: முக்கியமானது முடிந்துவிட்டது என்று தோன்றும்போது கிளம்பாதே. மீதிப் பாதி, பெயர் கேள். பெயர், செய்யும் வேலை, அந்த வீட்டில் எத்தனை வருடம் என்பதெல்லாம் இல்லாத படத்தை நான் திரையில் போடுவதே இல்லை. படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரிண்ட் போய்ச்சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

பயணப் புகைப்படம் கற்க வருகிறவர்கள் கோட்டையூர் வழியாகவே போகிறார்கள், ஏ. கே. செட்டியாரின் ஊர் அது என்று தெரியாமல். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை படித்து, உலகம் சுற்றி, 1940-இல் காந்தி ஆவணப்படத்தை வெளியிட்ட மனிதர். பயணம் எழுதியபோதும் தன்னை முன்னால் நிறுத்தாதவர். செல்ஃபி காலத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இனி காசு விஷயம். ஆள் இல்லாத செட்டிநாட்டுக்குப் பாதிக் காரணம் எங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள். ஒரு விடுதிக்காரர் முதல் போனிலேயே சொன்னார்: “ஆள் வேண்டாம் சார், ரூம் காலியா இருக்கணும், கெஸ்ட் தன்னை அங்க கற்பனை பண்ணணும்.” எடுத்துக் கொடுத்தேன். வீட்டு வாடகை யார் கட்டுவது? ஆனால் புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் அவர்தான். நீங்கள் இல்லை. அதனால் வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். என் தாளில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: அறைப் படங்கள் உங்களுக்கு, அங்கே வேலை செய்கிறவர்களை நான் எடுக்கும் படங்கள் எனக்கு. அடுப்படி ஆட்கள் படத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்த வகுப்பு முகூர்த்த மாதத்தில்தான். ஒரே ஊர், ஒரே வீடு, அங்கே வேலை பார்க்கிற ஒருவர். 35 எம்எம் அல்லது 50 எம்எம், ஏதாவது ஒரு லென்ஸ் போதும். விசேஷ வீட்டாரிடம் அனுமதி நான் கேட்டு வைக்கிறேன், பந்தியில் உட்காரச் சொன்னால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு உட்கார வேண்டும். ட்ரோன் கொண்டு வரலாமா என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: வேண்டாம்.