ஏ.ஆர். கிரேடு இல்லாவிட்டால் பிலிம் பாழா?

"டெவலப்பருக்கு ஏ.ஆர். கிரேடு ரசாயனம்தான் வாங்கணும், எல்.ஆர். போட்டால் பிலிம் பாழ்" என்று கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில், பிலிமில் படத்தை வரவைக்கும் கரைசலான டெவலப்பரைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஏ.ஆர். (அனலிட்டிக்கல் ரீஏஜென்ட்) என்பது நுணுக்கமான பகுப்பாய்வுக்கான தரம்; எல்.ஆர். (லேபரட்டரி ரீஏஜென்ட்) சாதாரண ஆய்வகத் தரம். இருட்டறைக்கு எல்.ஆர். தாராளம், மிச்சக் காசுக்கு இன்னொரு ரோல் வாங்கலாம்.

டி-76 என்ற கறுப்பு வெள்ளை டெவலப்பர் ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. ஆளைக் கவிழ்ப்பது வேறு விஷயம். போராக்ஸ் என்பது நம் வெண்காரம்தான். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் படிகாரமும் அதே மாதிரி வெள்ளையாக இருக்கும். அது அமிலத்தன்மை உள்ளது, போட்டால் டெவலப்பர் படுத்துவிடும். பொரித்த வெண்காரம் என்றால் நீர் போயிருக்கும், அதே 2 கிராமின் வீரியம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். சல்ஃபைட்டோ, மூடாமல் கிடந்தால் மெல்ல சல்ஃபேட்டாகும், லேபிளில் ஏ.ஆர். என்றிருந்தாலும்.

சரி, ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்)? மீன்தொட்டிக் கடையில் குளோரின் போக்க விற்கும் ஹைப்போ படிகமே பிக்சருக்கு, அதாவது வந்த படத்தை நிலைநிறுத்தும் கரைசலுக்கு, ஆகும். நீரற்ற தூள் கிடைத்தால் 250 கிராம் படிகத்துக்குப் பதில் 160 போதும்.