சங்கிலிக் கதையை நிறுத்துங்கள்

நேற்றிலிருந்து சுற்றும் அந்தக் குரல்பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேசியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் தமிழ் ஆட்கள் மலாயாவுக்குக் கைதிகளாகக் காலில் சங்கிலியோடு வந்தார்களாம், நடந்தால் 'கிளிங் கிளிங்' என்று சத்தம் வந்ததாம், அதனால்தான் மலேசியாவில் நம்மை இழிவாகக் கூப்பிடும் 'கெலிங்' என்ற பேர் வந்ததாம். சிரிக்கும் பொம்மை போட்டுப் பகிர்ந்ததும் நம் ஆட்கள்தான்.

கலிங்கம் ஐயா, கலிங்கம்! ஒடிசா, ஆந்திரக் கரை. அதுதான் மலாயில் கெலிங், ஜாவானியத்தில் கிளிங், கம்போடியாவில் க்லெங். 11ஆம் நூற்றாண்டு ஜாவாச் சாசனங்களில் வெளிநாட்டாரைப் பட்டியல் போடும்போது கிளிங் தனியாகவும் திராவிடர் தனியாகவும் வருகிறார்கள். அப்புறம்தான் அந்தப் பேர் விரிந்து, மலாக்காவில் தமிழ் வணிகர்கள்மேல் ஒட்டிக்கொண்டது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர்களும் அப்படித்தான் எழுதிவைத்தார்கள். வெள்ளைக்காரன் பினாங்கில் கொடி நட்டது 1786இல். கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்தது அதற்கும் பிறகு. எழுநூறு வருஷத்துக்கு முன்பே சங்கிலிச் சத்தம் கேட்டுவிட்டதா?

இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்றில், நான் வகுப்புக்குள் நுழைந்தால் பக்கத்து மேசைக்காரன் சைக்கிள் சாவிக்கொத்தை ஆட்டுவான். கிளிங், கிளிங். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். கலிங்கம் என்று சொல்ல அன்று எனக்குத் தெரியாது.

"பழைய சொல்தானே, பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலே இருக்கிறதே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். இருக்கிறது. இந்திய முஸ்லிம்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக இருந்த காதர் மொகிதீன் காலத்தது, 1801. பழைய மலாய் ஏடுகளில் 'பெனுவா கெலிங்' மரியாதையான நாடுதான். பள்ளிவாசல் பேரை மாற்றச் சொல்லி நான் கொடி பிடிக்கவில்லை. ஆனால் சந்தையில் மீன் விலை பேசும்போது என் முகத்துக்கு நேராக அதைச் சொல்கிறவர், செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று ஏட்டைப் படித்துவிட்டா சொல்கிறார்? சிங்கப்பூரில் கிளிங் தெரு சூலியா தெரு ஆனதும், இந்தோனேசியாவின் மேடானில் கம்போங் கெலிங் கம்போங் மெட்ராஸ் ஆனதும் சும்மாவா?

"கைதிகளும் நம் வரலாறுதானே" என்பார் இன்னொருவர். சரி, வந்தார்கள். சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள், கவர்னர் மாளிகையைக் கட்டினார்கள். அவர்கள்மேல் அவ்வளவு பாசம் என்றால் அதைச் சொல்லுங்களேன். சத்தம் மட்டும்தான் ஞாபகம் வருமா? நம்மை நாமே கேலி செய்துகொண்டால் பெருந்தன்மை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை வேண்டாம்.

பகிர்ந்தவர்களில் என் மாமாவும் உண்டு. மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். குடும்பக் குழுவில் போட்டதையாவது அழித்துவிடுங்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள்.